முறை வைத்துப் பாய்ந்த மின்சாரம்



நம் திருவண்ணாமலையில் கார்த்திகைத் தேரோட்டத்தன்று மாட வீதிகளில் மின்சாரத்தை நிறுத்துவது பல காலமாக இருக்கும் வழக்கம். பெரிய தேரின் உயரத்துக்குக் கம்பிகள் இடைஞ்சல். தேர் கடந்து போனதும் அந்த வீதிக்குக் கரண்டு திரும்பும். அதுவரை கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் விசிறியோடு உட்கார்ந்திருப்பார்கள். இதற்காக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. இப்போது தேரின் முறை, பிறகு நம் முறை. அவ்வளவுதான்.

'முறை' என்ற சொல் நம் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிதல்ல. ஏரியில் தண்ணீர் குறைந்தால் மடைக்கு முறை வைப்பார்கள். இன்றைக்கு மேல்காடு, நாளைக்குக் கீழ்காடு. முறை தப்பித் தண்ணீரைத் திருப்பினவனை ஊர் சும்மா விடாது. முப்பத்து மூன்று வருடம் பள்ளியில் சரித்திரம் நடத்தியவன் நான். தமிழ்நாட்டு மின்சாரத்தின் கதையைப் படித்துப் பார்த்தால் அதுவும் இப்படி முறை வைத்த கதையாகத்தான் எனக்குத் தெரிகிறது. இப்போது அந்த மடைக்கு ஒரு புது ஆள் வந்திருக்கிறார். அவர் பெயர் டேட்டா சென்டர், தமிழில் தரவு மையம். அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. ஆனால் அது பட்டணத்துச் சமாசாரம். தமிழ்நாட்டின் மின்சாரக் கதை உண்மையில் நீலகிரியில் தொடங்குகிறது. பைக்காரா ஆற்றுத் தண்ணீரை மலைமேலிருந்து குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கும் வேலை 1929-இல் ஆரம்பமாகி, 1932-இல் உற்பத்தி தொடங்கியது. அந்தக் கரண்டு கோயம்புத்தூருக்கு இறங்கிய பிறகுதான் அங்கே பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன. அந்த ஊரின் ஆலைச் சங்குச் சத்தத்துக்குப் பின்னால் பைக்காரா அருவி இருக்கிறது.

அடுத்தது மேட்டூர். அணை 1934-இல் முடிந்தது, அதன் அடிவாரத்து மின்நிலையம் 1937-இல் ஓடத் தொடங்கியது. சேலம், திருச்சி, ஆற்காடு மாவட்டங்கள் பக்கம் வந்தது இந்த மேட்டூர் மின்சாரம்தான். திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. மேட்டூர் அணை பாசனத்துக்காகக் கட்டியது. வழக்கப்படி ஜூன் 12-இல் டெல்டாவுக்குத் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். தண்ணீர் ஓடினால்தான் சக்கரம் சுழலும். அதாவது தஞ்சாவூர் நெல்லுக்குப் போகிற தண்ணீர் போகிற வழியில் நமக்கு விளக்கேற்றிவிட்டுப் போனது. வயலுக்கு முதல் முறை, விளக்குக்கு இரண்டாம் முறை. மேட்டூரில் குறையும்போது கைகொடுக்கட்டும் என்று பைக்காராவையும் மேட்டூரையும் கம்பியால் இணைத்தார்கள்.

1957 ஜூலை 1-ஆம் தேதி மின்சார வாரியம் பிறந்தது. அதற்குப் பிறகு இருபது வருடங்களில் நடந்ததை ஒரு புரட்சி என்றே சொல்லலாம். பல மாநிலங்களில் கிராமத்து விளக்கே எரியாத காலத்தில் இங்கே கிணற்றுமேட்டுக்குக் கம்பம் நட்டார்கள்.

செங்கம் சாலையில் எங்கள் ஊர்க் கிணற்றில் அப்பா கவலை ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு எருது, ஒரு தோல் சால், விடியற்காலை மூன்று மணிக்கு ஆரம்பிக்கும் பாட்டு. வெயில் ஏறுவதற்குள் மாடு சோர்ந்துவிடும். ஒரு நாளைக்கு அரை ஏக்கர் நனைந்தால் பெரிய விஷயம். நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஐந்து குதிரைசக்தி மோட்டார் வந்தது. முதல் நாள் சுவிட்சைப் போட்டபோது தண்ணீர் தொட்டியில் விழுந்த சத்தத்தைக் கேட்கப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். எருதுகள் அன்றைக்குக் கட்டுத்தறியிலேயே நின்று வைக்கோல் தின்றன.

ஆனால் மோட்டாருக்கும் முறை உண்டு. மூன்று முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். இராமுறை வரும் வாரத்தில் டார்ச் லைட்டும் தடியும் எடுத்துக்கொண்டு அப்பா கிணற்றுமேட்டில் படுத்துக்கொள்வார். பாம்புக்கு அவர் பயந்ததாக நினைவில்லை. கரண்டு வரும் நேரத்தில் தூங்கிவிடுவோமோ என்பதுதான் அவர் பயம்.

கட்டணத்துக்காகவும் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் ஏற்றிய கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு விவசாயிகள் எழுந்தார்கள். 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972-இல் கோயம்புத்தூர் வீதிகளை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். பிறகு 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் ஓடுகின்றன. இலவசம் சரியா தவறா என்பது வேறு வாதம். கரண்டு இலவசமாக வந்தாலும் முறை வைத்துத்தான் வந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

இதற்கிடையில் நெய்வேலி 1962-இலும், எண்ணூர் 1970-இலும், தூத்துக்குடி 1979-இலும், கல்பாக்கம் 1980-களிலும் சேர்ந்துகொண்டன. மழையை மட்டும் நம்பியிருந்த நிலை மாறியது. ஆனாலும் தேவை எப்போதும் ஒரு அடி முன்னால் ஓடியது.

2008 முதல் 2013 வரை நாம் பட்டதை மறக்க முடியுமா? வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கிய காலம் அது. உயரழுத்த மின் இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு 40 சதவீதம் வரை வெட்டு. 2012-இல் சென்னைக்கு அறிவிப்பின்படி நாளுக்கு 2 மணி நேரம் மின்தடை. மாவட்டங்களில் அது 12 மணி, சில நாள் அதற்கும் மேல். ஆரணி, களம்பூர் அரிசி ஆலைக்காரர்கள் டீசல் வாங்கியே ஓய்ந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் கணக்குப் போட்டார்கள். பணி ஓய்வு பெற்றிருந்த நான் தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அப்போதுதான். திண்ணையில் காற்றாவது வரும்.

அந்த ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா முழுவதும் மின்தொகுப்பு சரிந்து இருண்டது. நாம் தப்பித்தோம். காரணம் தென்னிந்தியத் தொகுப்பு அப்போது வடக்கோடு ஒரே தாளத்தில் இணைக்கப்பட்டிருக்கவில்லை. அதே காரணத்தால்தான் வடக்கில் மிச்சமிருந்த கரண்டையும் நம்மால் தேவையான அளவு வாங்க முடியவில்லை. 2013 அக்டோபரில் கூடங்குளம் முதல் அலகு தொகுப்பில் சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாகத் தெற்கு தேசியத் தொகுப்போடு இணைந்தது. பிறகு மெல்ல மெல்ல நிலைமை மாறியது.

பற்றாக்குறை வந்தால் எல்லோரும் சமமாக இருளில் உட்காருவதில்லை என்பது 2012-இல் நாம் கண்ட பாடம். முறையை யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. பட்டணத்துக்கு 2 மணி, நமக்கு 12 மணி.

இனி புது ஆளுக்கு வருவோம்.

என் மூத்த மகளின் பையன் சிறுசேரியில் ஒரு தரவு மையத்தில் வேலை பார்க்கிறான். "அது என்னடா அப்பா, ஆபீசா, பேக்டரியா?" என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல தாத்தா. குளுகுளுன்னு ஒரு பெரிய குடோன். உள்ளே அலமாரி அலமாரியா கம்ப்யூட்டர். நீங்க அனுப்புற போட்டோ, பாட்டி பாக்குற சீரியல், பேங்க் கணக்கு எல்லாம் அந்த மாதிரி இடத்துலதான் இருக்கு" என்றான். மகாதீபத்தன்று மலை உச்சியில் ஏற்றும் கொப்பரையை அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கைபேசியில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அந்தப் படமும் ஏதோ ஒரு தரவு மையத்தின் வழியாகத்தான் போகிறது. ஆகவே இது யாருக்கோ உள்ள தேவை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

"கரண்டு போனால் என்ன செய்வீர்கள்?" என்றேன். "போகவே கூடாது தாத்தா. ஒரு நொடிகூட" என்றான். போனால் உடனே பேட்டரி தாங்கும். அதற்குள் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டு எழும். கம்ப்யூட்டர்கள் கக்கும் சூட்டை வெளியேற்ற இரவும் பகலும் குளிர்சாதனம் ஓட வேண்டும்.

சென்னைக்கு இவை ஏன் வருகின்றன? கடல்தான் காரணம். 2002-இல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் போடப்பட்டது. அதன்பின் வேறு கேபிள்களும் கரையேறின. 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கும் ஒன்று போனது. அந்தக் காலத்தில் கப்பல் வரும் இடத்தில் கிடங்கு கட்டினார்கள். இன்று கேபிள் வரும் இடத்தில் தரவு மையம் கட்டுகிறார்கள். தமிழக அரசும் 2021 நவம்பரில் தரவு மையங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டு வரவேற்றது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் கட்டடங்கள் எழுகின்றன.

அவை எவ்வளவு மின்சாரம் கேட்கும்? சிறுசேரியில் 2022-இல் தொடங்கிய ஒரு மையம் முழுமையாக நிறையும்போது 33 மெகாவாட் என்று அறிவித்திருக்கிறார்கள். மெகாவாட் என்றால் நம் வயதுக்காரர்களுக்குப் பிடிபடாது. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நம் சாத்தனூர் அணையின் மின்நிலையம் 7.5 மெகாவாட். அப்படி நாலரை சாத்தனூர் வேண்டும். அதுவும் சாத்தனூரில் தண்ணீர் திறந்தால்தான் கரண்டு, மையத்துக்கோ வருடம் முழுக்க வேண்டும். ஐந்து குதிரைசக்தி மோட்டார் கணக்கில் ஏறத்தாழ 8,800 மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடுவது போல. முழுச் சுமையில் ஒரு நாளைக்கு சுமார் 7.9 லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவாகும் வீடு என்றால் சுமார் 95,000 வீடுகளின் செலவு. இது ஒரே ஒரு மையம். குளிர்சாதனத்துக்கு ஆவது தனி.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்த மையங்களின் பசி இன்னும் கூடியிருக்கிறது. பழைய அலமாரி ஒன்றுக்கு 5 அல்லது 10 கிலோவாட் போதும். புது வகை அலமாரி ஒன்று 100 கிலோவாட்டுக்கும் மேல் கேட்கிறது. 2024-இல் உலகத்துத் தரவு மையங்கள் சேர்ந்து சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் செலவழித்தன, அதாவது உலகின் மொத்த மின் செலவில் 1.5 சதவீதம் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. 2030-க்குள் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்பதும் அவர்கள் கணிப்பு. அமெரிக்காவில் 2019-இல் மூடிய த்ரீ மைல் தீவு அணு உலையை ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு மின்சாரம் விற்பதற்காகவே மறுபடி திறக்க 2024-இல் ஒப்பந்தம் போட்டார்கள்.

மேற்கில் அயர்லாந்து என்ற சிறிய நாட்டைப் பாருங்கள். 2015-இல் அங்கே அளந்து கொடுத்த மின்சாரத்தில் தரவு மையங்களின் பங்கு 5 சதவீதம். 2023-இல் 21 சதவீதம். அந்த நாட்டு நகரத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து செலவழித்ததைவிட அதிகம். தலைநகர் டப்ளினில் புது மையங்களுக்கு இணைப்புத் தருவதையே நிறுத்தி வைக்கும்படி ஆயிற்று.

இங்கே சிக்கல் அளவில் மட்டும் இல்லை, நேரத்திலும் இருக்கிறது. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நம்மிடம் காற்றாலை 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது, பெருமைதான். ஆனால் முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்று நன்றாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. சூரியனோ மாலை ஆறு மணிக்குக் கடையைக் கட்டிவிடுவார். மார்ச் மாதத்து இரவு எட்டு மணிக்குக் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. அப்போதும் தரவு மையம் அதே அளவு கேட்கும். பஞ்சாலைக்கு ஷிப்ட் மாற்றலாம், பம்புசெட்டை இராமுறைக்கு ஓட்டலாம். தேருக்காக வீதியே காத்திருக்கும். முறைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் முதல் பெரிய வாடிக்கையாளர் இவர்தான்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. பல மையங்களில் குளிர்விக்கத் தண்ணீர் ஆவியாக வேண்டும். 2019 கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டபோது, நம் பக்கத்து ஜோலார்பேட்டையிலிருந்துதான் ரயிலில் தண்ணீர் போயிற்று. ஜூலை 12-இல் போன முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர். அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கே போதவில்லையே என்று கலங்கினார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் தரவு மையம் வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பைக்காரா வந்தபோது பஞ்சாலை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கோயம்புத்தூர் ஏது? என் பேரனுக்கு அங்கேதான் சோறு. ஆனால் மடைக்கு வருகிறவர் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத்தான் வரவேண்டும்.

உட்பட முடியாது என்பதும் முழு உண்மையல்ல. பேரனிடம் துருவிக் கேட்டதில் ஒன்று தெரிந்தது. பணம் அனுப்புவது, ஆஸ்பத்திரிப் பதிவு போன்றவை நொடியும் நிற்கக் கூடாது. ஆனால் செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் புகட்டும் வேலை போன்றவற்றைச் சில மணி நேரம் தள்ளி வைக்கலாம், காற்று வீசும் நேரத்துக்கு மாற்றலாம். அயர்லாந்தின் மின் ஒழுங்குமுறை ஆணையம் 2021-லேயே இதைத்தான் கேட்டது. உன் இடத்தில் கரண்டுக்கு நெருக்கடி உண்டா? சொந்தமாக உற்பத்தியோ சேமிப்போ கொண்டுவருவாயா? தட்டுப்பாடு வந்தால் உன் தேவையைக் குறைத்துக்கொள்வாயா? இவற்றைப் பார்த்துத்தான் இணைப்பு என்றார்கள்.

சேமிப்பும் நமக்குப் புதிதல்ல. கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில் 1987 முதல் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. கரண்டு மிச்சமிருக்கும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தட்டுப்பாட்டு நேரத்தில் கீழே விட்டுக் கரண்டு எடுக்கும் ஏற்பாடு. நீலகிரிக் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். புது மையம் ஒன்று வரும்போது அதன் பங்குக்கு இப்படி ஒரு சேமிப்பும், புதுக் காற்றாலையும், புதுக் கம்பியும் சேர்ந்து வரவேண்டும். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லவேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்துக் குளிர்விக்கப் பயன்படுத்தவேண்டும்.

இவை செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு ஜோசியம் தேவையில்லை, 2012 போதும். ஒரு கோடையில் மழையும் காற்றும் ஏமாற்றும். நிலக்கரிக் கப்பல் தாமதமாகும். அப்போது சென்னையில் இருக்கும் கட்டடத்தை அணைக்க முடியாது என்பார்கள். முறைச் சீட்டு நம் கிணற்றுமேட்டுக்கும், களம்பூர் ஆலைக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசைக்கும் வரும். அந்தச் சீட்டை எழுதுவதற்கு முன் நம்மையும் கேட்கவேண்டும். இணைப்பு கொடுத்துக் கட்டடமும் எழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

மின் கட்டணம் மாற்றுவதற்கு முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு எந்த ஆண்டு விளக்கு வந்தது, கிணற்றுக்கு எந்த ஆண்டு மோட்டார் வந்தது, 2012-இல் எத்தனை மணி நேரம் இருளில் இருந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது அதைத் தபாலில் அனுப்பலாம். நான் என் தாளை எழுதி முடித்துவிட்டேன். நான்கு பக்கம் வந்திருக்கிறது.